கடலுக்கும் ஒரு கணக்குப் புத்தகம்

மாலை 7 மணி. பிச்சாட்டூரில் தொடர்கல்வி மையத்தின் விளக்கு எரிகிறது. பாயில் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். வயல் வேலை முடித்து வந்தவர்கள் பாதிப் பேர். லாரி ஓட்டும் தம்பி ஒருவர். வண்டி பழுது பார்க்கும் மெக்கானிக் ஒருவர். சுவரோரம் ஒரு பெரியவர்.

கடைசியாக மீன்காரம்மா வந்தார். காலிக் கூடையை வாசலில் கவிழ்த்து வைத்தார். கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"என்னம்மா, இன்னைக்கு மீன் எல்லாம் வித்துப் போச்சா?" என்று ஆசிரியை கேட்டார்.

"வித்துப் போச்சு டீச்சர். ஆனா ஒரு வருஷம் கூடை நிறைய மீனைக் குழி வெட்டிப் புதைச்சேன். அது இன்னும் மனசை விட்டுப் போகலை."

"எந்த வருஷம் அம்மா?"

"2017. தை மாசம். பொங்கல் முடிஞ்சு ரெண்டு வாரம். எண்ணூர்ல கப்பல் மோதி எண்ணெய் கொட்டிடுச்சுன்னு டிவியில காட்டினாங்க. அதுக்கப்புறம் சந்தையில ஒருத்தரும் மீன் வாங்கலை. 'எண்ணெய் வாடை அடிக்குது'ன்னாங்க. அது பழவேற்காட்டு மீன். என் அண்ணன் பிடிச்சது. அதுல எண்ணெயே இல்லை. சொன்னா யார் கேக்கறாங்க?"

லாரித் தம்பி சிரித்தார். "கடலே இல்லாத ஊருக்குக் கப்பல் கதை எதுக்கு டீச்சர்? எண்ணூர் எங்கே, பிச்சாட்டூர் எங்கே?"

ஆசிரியை சிரிக்கவில்லை. எழுந்து கரும்பலகையில் ஒரு நீண்ட கோடு வரைந்தார்.

ஆற்றின் வழி

"இது நம்ம ஆரணியாறு" என்றார் ஆசிரியை.

கோட்டின் மேல் ஊர்ப் பெயர்களை எழுதினார். எல்லோரும் சேர்ந்து படித்தார்கள். பிச்சாட்டூர். நாகலாபுரம். சுருட்டப்பள்ளி. ஊத்துக்கோட்டை. பெரியபாளையம். பொன்னேரி. பழவேற்காடு.

பிச்சாட்டூரில் ஆரணியாற்றின் குறுக்கே அணை இருக்கிறது. மழைக்காலத்தில் அணை நிறைந்தால் மதகைத் திறக்கிறார்கள். தண்ணீர் ஆந்திர எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போகிறது. கடைசியில் பழவேற்காட்டுப் பக்கம் உப்பு நீரில் கலக்கிறது.

பழவேற்காடு ஏரி இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. முதலாவது ஒடிசாவில் உள்ள சிலிக்கா ஏரி. பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. தென்பகுதி தமிழ்நாட்டில் இருக்கிறது. ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் இடத்தில் மீன் குஞ்சும் இறால் குஞ்சும் வளரும். அந்த ஏரிக்குத் தெற்கே, கடலோரத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகமும் எண்ணூர்த் துறைமுகமும் உள்ளன.

"நம்ம தண்ணி அங்கே போகுது. அங்கே பிடிச்ச மீன் நம்ம சந்தைக்கு வருது. அப்போ கடல் நமக்குத் தூரமா?" என்று கேட்டார் ஆசிரியை.

லாரித் தம்பி தலையைச் சொறிந்தார்.

அன்று நடந்தது என்ன?

2017 ஜனவரி 28. விடியற்காலை. எண்ணூரில் உள்ள காமராசர் துறைமுகத்துக்கு அருகே கடலில் இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. ஒன்று சமையல் எரிவாயுவை இறக்கிவிட்டு வெளியே போன கப்பல். அதன் பெயர் பி.டபிள்யூ. மேப்பிள். இன்னொன்று பெட்ரோலியப் பொருள் ஏற்றிக்கொண்டு உள்ளே வந்த கப்பல். அதன் பெயர் டான் காஞ்சிபுரம்.

உயிர்ச் சேதம் இல்லை. ஆனால் கெட்டியான உலை எண்ணெய் கடலில் கொட்டியது. தார் போலக் கறுப்பாக இருக்கும் எண்ணெய் அது.

கொட்டியது மிகவும் குறைவு என்றுதான் முதலில் சொன்னார்கள். பிறகு எர்ணாவூர்க் கரையில் கறுப்பு எண்ணெய் திட்டுத் திட்டாக ஒதுங்கியது. பின்னால் கணக்குப் பார்த்தபோது, கொட்டியது ஏறத்தாழ 200 டன் என்று தெரிந்தது.

"பத்து டன் லாரியில ஏத்தினா இருபது லோடு" என்றார் லாரித் தம்பி. அவர் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை.

அந்த மாதங்களில் அங்கே கடல் நீரோட்டம் தெற்கு நோக்கி ஓடும். அதனால் எண்ணெய் பெரும்பாலும் சென்னைப் பக்கம் நகர்ந்தது. வடக்கே உள்ள பழவேற்காட்டுப் பக்கம் போகவில்லை. மீன்காரம்மா சொன்னது சரிதான். மீன்களைச் சோதித்துப் பார்த்து, சாப்பிடலாம் என்று அரசும் அறிவித்தது. ஆனாலும் பல நாள் மீன் விற்கவில்லை. எண்ணெய் ஒரு பக்கம் போனது. பயம் எல்லாப் பக்கமும் போனது.

எண்ணெய் என்ன செய்யும்?

எண்ணெய் தண்ணீரில் மிதக்கும். அது பாய் விரித்தது போலப் பரவும். அதற்கு அடியில் உள்ள உயிர்களுக்கு வெளிச்சமும் காற்றும் குறையும்.

மீனின் செவுளில் எண்ணெய் ஒட்டினால் மீனால் மூச்சு விட முடியாது. பறவையின் இறகில் ஒட்டினால் பறவையால் பறக்க முடியாது. குளிரும் தாங்காது. ஆமை மூச்சு விட மேலே வரும்போது எண்ணெயில் சிக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை சென்னைக் கரைக்குப் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். அந்த நேரத்தில்தான் எண்ணெய் கொட்டியது.

அலை அடிக்க அடிக்க எண்ணெயும் கடல் நீரும் கலந்து குழம்பாகும். அப்போது அதன் அளவு மூன்று நான்கு மடங்கு பெருகும். இந்தக் குழம்பு பாறையில் ஒட்டினால் எளிதில் போகாது. மணலுக்குள் இறங்கினால் கண்ணுக்குத் தெரியாமல் பல காலம் இருக்கும்.

பெரியவர் பெருமூச்சு விட்டார். "சுருட்டப்பள்ளியில சாமி படுத்திருக்காரே, எதனால? பாற்கடலைக் கடைஞ்சப்போ நஞ்சு வந்துச்சு. உலகம் பிழைக்கட்டும்னு அவர் குடிச்சார். மயங்கிப் படுத்தார். அது ஒரு தடவை வந்த நஞ்சு. நாம தினமும் கொட்டினா யார் குடிக்கிறது?"

வகுப்பில் யாரும் பேசவில்லை.

அள்ளுவது எப்படி?

எண்ணெய் கொட்டியதும் முதலில் செய்ய வேண்டியது, அது பரவாமல் தடுப்பது. அதற்கு மிதக்கும் வேலி இருக்கிறது. வயலில் தண்ணீர் ஓடாமல் வரப்பு கட்டுவது போல, கடலில் எண்ணெயைச் சுற்றி மிதவை வேலி போடுகிறார்கள். பிறகு மேலே மிதக்கும் எண்ணெயை இயந்திரத்தால் உறிஞ்சி எடுக்கிறார்கள். பால் மேல் படிந்த ஆடையை வழித்து எடுப்பது போன்ற வேலை இது.

எண்ணெயைச் சிறு துளிகளாக உடைக்கும் மருந்தும் உண்டு. அந்த மருந்தே உயிர்களுக்குக் கெடுதல் செய்யலாம். அதனால் அனுமதி பெற்று, ஆழமான கடலில் மட்டுமே தெளிக்க வேண்டும்.

2017இல் எண்ணெய் கரைக்கு வந்துவிட்டது. கெட்டியான குழம்பில் இயந்திரங்கள் சரியாக வேலை செய்யவில்லை. மீனவர்கள், மாணவர்கள், கடலோரக் காவல் படையினர், நகராட்சித் தொழிலாளர்கள், தொண்டர்கள் எனப் பல ஆயிரம் பேர் பாறைகளின் மேல் வரிசையாக நின்றார்கள். வாளி வாளியாக அள்ளிக் கை மாற்றிக் கை மாற்றிக் கொடுத்தார்கள். பல நாள் இந்த வேலை நடந்தது.

அவர்களில் பலர் வெறுங்கையால் அள்ளினார்கள். இது ஆபத்து. இந்த எண்ணெய் தோலைப் புண்ணாக்கும். அதன் ஆவி தலைவலி, மூச்சுத் திணறல் தரும். புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களும் அதில் உண்டு. கையுறை, காலணி, முகமூடி இல்லாமல் யாரும் இந்த வேலையில் இறங்கக் கூடாது. குழந்தைகளும் கர்ப்பிணிகளும் பக்கத்தில் போகவே கூடாது.

யார் பொறுப்பு? துறைமுக எல்லைக்குள் எண்ணெய் கொட்டினால் துறைமுகம் பொறுப்பு. வெளிக்கடலில் கடலோரக் காவல் படை பொறுப்பு. கரைக்கு வந்தால் மாநில அரசும் மாவட்ட நிர்வாகமும் பொறுப்பு. இதற்கான தேசியத் திட்டம் 1996 முதல் இருக்கிறது. திட்டம் தாளில் இருந்தால் போதாது. வேலி, இயந்திரம், படகு, பயிற்சி பெற்ற ஆட்கள் எல்லாம் தயாராக இருக்க வேண்டும். கொட்டிய அளவையும் உடனே உள்ளபடி சொல்ல வேண்டும். குறைத்துச் சொன்னால் உதவியும் குறைவாகவே வரும்.

விபத்து இல்லாமலும் அழுக்கு சேரும்

"கப்பல் மோதினாத்தான் கடல் கெடுமா டீச்சர்?" என்று மெக்கானிக் கேட்டார்.

இல்லை. கப்பல் ஒரு சிறிய ஊர் போன்றது. அதில் ஆட்கள் சமைக்கிறார்கள். குளிக்கிறார்கள். கழிப்பறை போகிறார்கள். குப்பை சேர்கிறது. இயந்திர அறையில் எண்ணெய் சொட்டுகிறது. அது அடியில் தேங்கும் நீரோடு கலக்கிறது. இத்தனையும் எங்கே போகும்? கேட்பார் இல்லையென்றால் கடலுக்குத்தான் போகும்.

இதைத் தடுக்க உலக நாடுகள் சேர்ந்து ஓர் உடன்படிக்கை செய்தன. அதன் பெயர் மார்போல். 1973இல் எழுதி, 1978இல் திருத்தி, 1983இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவும் அதில் சேர்ந்துள்ளது. அதன் முக்கிய விதிகள் சில:

1. இயந்திர அறைத் தண்ணீரை அப்படியே கடலில் விடக் கூடாது. எண்ணெயைப் பிரித்த பிறகே விடலாம். பத்து லட்சம் பங்கு நீரில் எண்ணெய் 15 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது.

2. பிளாஸ்டிக்கை எந்தக் கடலிலும் போடக் கூடாது. கரையிலிருந்து எவ்வளவு தூரமானாலும் கூடாது.

3. கழிப்பறைக் கழிவையும் உணவுக் கழிவையும் கரைக்கு அருகே விடக் கூடாது.

4. கப்பல் எரிபொருளில் கந்தகம் குறைவாக இருக்க வேண்டும். முன்பு நூற்றுக்கு 3.5 பங்கு வரை இருக்கலாம். 2020 முதல் 0.5 பங்குக்கு மேல் கூடாது. கந்தகப் புகை நுரையீரலைக் கெடுக்கும்.

5. கப்பல் கொண்டுவரும் கழிவை வாங்கிக்கொள்ளத் துறைமுகத்தில் வசதி இருக்க வேண்டும். தெருவில் குப்பைத் தொட்டி வைக்காமல் குப்பை போடாதே என்று சொன்னால் போதுமா? அதுபோலத்தான் இதுவும்.

பெரிய விபத்துகளும் விதிகளை மாற்றின. 1989இல் அமெரிக்காவின் அலாஸ்கா கரையில் எக்சான் வால்டீஸ் என்ற கப்பல் பாறையில் மோதியது. ஏறத்தாழ 37,000 டன் எண்ணெய் கொட்டியது. அதன் பிறகே எண்ணெய்க் கப்பல்களுக்கு இரட்டைச் சுவர் வேண்டும் என்ற விதி வந்தது. வெளிச்சுவர் உடைந்தாலும் உள்சுவர் காக்கும்.

கப்பலின் கணக்குப் புத்தகம்

நடுக்கடலில் யார் பார்க்கப் போகிறார்கள்? கப்பல் விதிப்படி நடந்தது என்று எப்படித் தெரியும்?

அதற்கு ஒரு வழி உண்டு. பெரிய கப்பல் ஒவ்வொன்றிலும் எண்ணெய்ப் பதிவேடு இருக்க வேண்டும். எந்தத் தேதியில், எந்த இடத்தில், எவ்வளவு எண்ணெய்க் கழிவு சேர்ந்தது, எவ்வளவு வெளியே விட்டார்கள், எந்தத் துறைமுகத்தில் எவ்வளவு கொடுத்தார்கள் என்று எல்லாம் அதில் எழுத வேண்டும். எழுதியவர் கையெழுத்துப் போட வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் கப்பல் தலைவர் கையெழுத்துப் போட வேண்டும். கடைசி வரி எழுதிய நாளிலிருந்து 3 ஆண்டு வரை அதைப் பாதுகாக்க வேண்டும். குப்பைக்கும் தனிப் பதிவேடு உண்டு.

கப்பல் துறைமுகத்துக்கு வந்ததும் அதிகாரிகள் இந்தப் பதிவேட்டைக் கேட்டுப் பார்க்கலாம். சேர்ந்த கழிவும் கொடுத்த கழிவும் சரியாக வருகிறதா என்று கூட்டிக் கழித்துப் பார்க்கலாம். கணக்கு இடித்தால் கேள்வி வரும்.

"பொய்க் கணக்கு எழுதினா?" என்று கேட்டார் பெரியவர்.

எழுதியவர்களும் உண்டு. எண்ணெயைப் பிரிக்கும் இயந்திரத்தைத் தொடாமல் கழிவை நேரே கடலில் விடத் திருட்டுக் குழாய் வைப்பார்கள். கப்பல்காரர்கள் அதை மாயக் குழாய் என்பார்கள். 2013இல் ஒரு பெரிய உல்லாசக் கப்பலில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பொறியாளர் அப்படிப்பட்ட குழாயைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. புகார் செய்தார். பதிவேட்டில் எழுதியது பொய் என்று வெளிப்பட்டது. 2016இல் பிரின்சஸ் என்ற அந்தக் கப்பல் நிறுவனம் அமெரிக்காவில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 4 கோடி டாலர் தண்டம் கட்டச் சம்மதித்தது.

ஒரு புத்தகமும், உண்மை சொல்ல ஒரு மனிதரும் இருந்தால் பெரிய கம்பெனியையும் கேள்வி கேட்கலாம்.

தண்ணீரோடு வந்த விருந்தாளி

மீன்காரம்மா கையைத் தூக்கினார். "டீச்சர், எங்க அண்ணன் காக்கா ஆழின்னு ஒண்ணு சொல்றார். இறால் இருக்கற சேத்தை அது மூடிக்குதாம். அதுவும் கப்பல்ல வந்ததாமே?"

ஆமாம், கப்பலில்தான் வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். சரக்கு இல்லாத கப்பல் அலையில் தள்ளாடும். அதனால் கனத்துக்காக அடித்தொட்டிகளில் கடல் நீரை நிரப்பிக்கொள்ளும். சரக்கு ஏற்றும் துறைமுகத்தில் அந்த நீரை வெளியே விடும். ஒரு கடலில் ஏற்றிய நீரை இன்னொரு கடலில் கொட்டும்போது, அதில் இருக்கும் முட்டையும் குஞ்சும் புதுக் கடலில் இறங்கிவிடும்.

காக்கா ஆழி என்பது ஒரு வகைச் சிப்பி. அதன் சொந்த இடம் தென் அமெரிக்கா பக்கம். எண்ணூர்க் கழிமுகத்தில் அது கம்பளம் விரித்தது போலப் பரவியது. இறால் மேயும் சேற்றை மூடியது. நம் கடலுக்கே உரிய பச்சை ஆழி, மஞ்சள் ஆழி இவற்றின் இடத்தையும் பிடித்தது. பழவேற்காட்டு ஏரியையும் அது நிரப்பிவிடுமோ என்று மீனவர்கள் அஞ்சினார்கள். அவர்கள் முறையிட்ட பிறகு, தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் இதை விசாரித்தது.

எண்ணெயை அள்ளலாம். உயிர் பெருகிவிட்டால் அள்ளி முடியாது. வயலில் பார்த்தீனியம் புகுந்த கதைதான். அதனால் கப்பலின் அடித்தொட்டி நீரைச் சுத்தம் செய்த பிறகே வெளியே விட வேண்டும் என்று உலக அளவில் ஓர் உடன்படிக்கை 2004இல் எழுதப்பட்டது. 2017இல் நடைமுறைக்கு வந்தது.

துறைமுகத்தின் தூசி

கப்பல் மட்டும் அல்ல, துறைமுகமும் சுற்றுப்புறத்தைக் கெடுக்கலாம். நிலக்கரியும் இரும்புத்தாதும் திறந்த வெளியில் குவித்தால் காற்றில் தூசி பறக்கும். அரிசி ஆலைக்குப் பக்கத்து வீட்டில் தவிட்டுத் தூசி படிவது போல, வடசென்னை வீடுகளில் கரித்தூசி படிந்தது.

இதற்காக வழக்கு நடந்தது. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதும் கையாளக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2011இல் உத்தரவிட்டது. நிலக்கரி எண்ணூருக்கு மாறியது.

ஒரு ஊரின் தூசியை இன்னொரு ஊருக்கு மாற்றினால் மட்டும் போதாது. சரக்கை மூடிய பட்டையில் கொண்டுபோக வேண்டும். குவியல் மேல் தண்ணீர் தெளிக்க வேண்டும். லாரிக்குத் தார்ப்பாய் போட வேண்டும்.

"தார்ப்பாய் கட்ட அரை மணி ஆகும். கட்டாம வந்தா கரியெல்லாம் ரோட்டோரத்து வீட்டுக்குப் போகும்" என்றார் லாரித் தம்பி. "இனிமே கட்டிட்டுத்தான் எடுப்பேன்."

பக்கத்துக் கடல்களில்

2021 மே மாதம் கொழும்புக்கு அருகே எக்ஸ்பிரஸ் பேர்ல் என்ற சரக்குக் கப்பல் தீப்பிடித்தது. ஜூன் மாதம் மூழ்கியது. அதில் 25 டன் நைட்ரிக் அமிலம் இருந்தது. சிறு பிளாஸ்டிக் மணிகள் ஏறத்தாழ 1,680 டன் இருந்தன. தீப்பிடிக்கும் முன்பே அமிலப் பெட்டி ஒன்று கசிந்தது. கத்தார் நாட்டில் ஒரு துறைமுகத்திலும் குஜராத்தில் ஒரு துறைமுகத்திலும் அதை இறக்கிக்கொள்ளக் கேட்டார்கள். இரண்டு இடத்திலும் இறக்கவில்லை. கப்பல் கசிவோடு கொழும்புக்கு வந்தது. கடைசியில் இலங்கை மீனவர்களின் கரை முழுவதும் பிளாஸ்டிக் மணி ஒதுங்கியது. 2025 ஜூலையில் இலங்கை உச்ச நீதிமன்றம் 100 கோடி டாலர் இழப்பீடு தர உத்தரவிட்டது.

2025 மே 25 அன்று கேரளக் கடலில் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கப்பல் 600க்கும் மேற்பட்ட பெட்டிகளோடு மூழ்கியது. அதிலிருந்து வந்த பிளாஸ்டிக் மணிகள் கேரளக் கரையிலும் கன்னியாகுமரிக் கரையிலும் ஒதுங்கின. மீன் முட்டை போலத் தெரியும் இந்த மணிகளை மீனும் பறவையும் இரை என்று விழுங்கும். அவை மக்குவதில்லை.

நம் பங்கு என்ன?

"கப்பல்காரனைக் கேட்டாச்சு. துறைமுகத்தைக் கேட்டாச்சு. நம்மை யார் கேக்கறது?" என்றார் பெரியவர்.

மெக்கானிக் மெதுவாகச் சொன்னார்: "வண்டிக்கு ஆயில் மாத்தினா, பழைய ஆயிலைக் கடை பின்னாடி வாய்க்கால்லதான் ஊத்தறேன். மழை வந்தா ஆத்துக்குப் போயிடும்."

"அப்போ என் அண்ணன் வலைக்குத்தான் வருது" என்றார் மீன்காரம்மா. கோபமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார்.

எண்ணெய் கப்பலிலிருந்து மட்டும் வருவதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது மணலி எண்ணெய் ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெய் பரவியது. கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்தில் இறங்கியது. அது தரையிலிருந்து போன எண்ணெய்.

பழைய ஆயில் ஆபத்தான கழிவு என்று சட்டம் சொல்கிறது. அதை டப்பாவில் சேர்த்து, பதிவு பெற்ற மறுசுத்திகரிப்பு நிறுவனத்துக்குப் போய்ச் சேரும்படி கொடுக்க வேண்டும். மண்ணிலோ வாய்க்காலிலோ ஊற்றக் கூடாது. எரிக்கவும் கூடாது. பிளாஸ்டிக் பைகளை ஆற்றில் போடக் கூடாது. படகு வைத்திருப்பவர்கள் எஞ்சின் ஆயிலையும் கிழிந்த வலையையும் கடலில் விடாமல் கரைக்குக் கொண்டுவர வேண்டும்.

கடலில் எண்ணெய் படலத்தைப் பார்த்தால் கடலோரக் காவல் படையின் இலவச எண்ணுக்குப் பேசலாம். அந்த எண் 1554.

மீன்காரம்மாவின் நோட்டு

வகுப்பு முடியும் நேரம். ஆசிரியை மீன்காரம்மாவிடம் கேட்டார்: "2017ல எவ்வளவு நஷ்டம் ஆச்சும்மா?"

"எப்படிச் சொல்வேன் டீச்சர்? பத்து நாளா, இருபது நாளா, நினைவில்லை. எத்தனை கூடைன்னும் தெரியாது. வட்டிக்கு வாங்கினது மட்டும் நினைவிருக்கு. என் அண்ணன் ஊர்ல இழப்பீடு கேட்டு மனு எழுதினாங்க. 'உன்கிட்ட என்ன கணக்கு இருக்கு'ன்னு என்னைக் கேட்டாங்க. எனக்கு அப்போ கையெழுத்தே போடத் தெரியாது."

கணக்கு இருந்திருந்தால் பணம் கட்டாயம் கிடைத்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் கணக்கு இல்லாததால் அவரால் கேட்கக்கூட முடியவில்லை.

ஆசிரியை ஒரு நோட்டைக் கொடுத்தார். மீன்காரம்மா பக்கத்தில் நான்கு கோடு போட்டார். தேதி, மீன், வாங்கிய விலை, விற்ற விலை என்று தலைப்பு எழுதினார். 'விலை' என்பதில் 'லை' கொஞ்சம் கோணலாக வந்தது. அழித்துவிட்டு மறுபடி எழுதினார். பிறகு முதல் வரியில் அன்றைய கணக்கை எழுதினார்.

மெக்கானிக் எட்டிப் பார்த்தார். "எனக்கும் ஒரு நோட்டு குடுங்க டீச்சர். எத்தனை லிட்டர் ஆயில் சேருதுன்னு எழுதறேன்."

நினைவில் வைப்போம்

• கொட்டிய எண்ணெயை முழுவதும் அள்ள முடியாது. கொட்டாமல் காப்பதே வழி.
• கொட்டினால் அளவை மறைக்காமல் உடனே சொல்ல வேண்டும்.
• கப்பல் கழிவைத் துறைமுகம் வாங்கிக்கொள்ள வேண்டும்.
• கையுறை இல்லாமல் எண்ணெயைத் தொடக் கூடாது.
• ஆற்றில் போடுவது கடலுக்குப் போகும். கடலில் கலப்பது நம் தட்டுக்கு வரும்.
• கணக்கு எழுதுவோம். கணக்குக் கேட்போம்.

சொல்லும் பொருளும்

உடன்படிக்கை – பலர் சேர்ந்து செய்துகொள்ளும் ஒப்பந்தம்
கழிமுகம் – ஆறு கடலோடு சேரும் இடம்
உவர்நீர் – உப்புக் கலந்த நீர்
பதிவேடு – நடந்ததை எழுதி வைக்கும் புத்தகம்
இழப்பீடு – நட்டத்துக்கு ஈடாகத் தரும் பணம்

பதில் எழுதுவோம்

1. ஆரணியாறு எந்த எந்த ஊர் வழியாகப் போகிறது?
2. பழவேற்காட்டு மீனில் எண்ணெய் இல்லை. ஆனாலும் ஏன் விற்கவில்லை?
3. எண்ணெய்ப் பதிவேட்டில் என்னென்ன எழுத வேண்டும்?
4. காக்கா ஆழி நம் கடலுக்கு எப்படி வந்திருக்கும்?
5. பழைய ஆயிலை என்ன செய்ய வேண்டும்?

செய்து பார்ப்போம்

உங்கள் ஊர் வாய்க்கால் எங்கே தொடங்குகிறது, எங்கே போய்ச் சேருகிறது என்று படம் வரையுங்கள். அதில் எந்த எந்த இடத்தில் கழிவு கலக்கிறது என்று குறியுங்கள். அந்தப் படத்தோடு ஊராட்சித் தலைவருக்கு ஒரு மனு எழுதுங்கள். தேதி போடுங்கள். எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். ஒரு நகலை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.